புருஷன் பேர் கேட்ட வழக்கு

எழுத்து எனக்குச் சரியாக வராது. நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கோடு போட்ட தாளில் எழுதினாலும் வரி மேட்டுப் பக்கம் ஏறிப் போகிறது. ஞாபகமும் முன்னே மாதிரி இல்லை. ஒன்றை நினைத்தால் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. எது முதல், எது பிறகு என்று எனக்கே குழப்பம். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளணும்.

கனகம் கேட்டதால்தான் எழுதுகிறேன். நான் இருந்த வேலையில் இப்போது இருக்கிற பிள்ளை அவள். புதிதாகச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "பெரியம்மா, உங்க காலத்துல தோட்டத்து ஆளுங்க ரோட்டுல உக்காந்து ஒரு பொம்பளையைக் கரைக்கு அனுப்ப விடாம நிறுத்தினாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள். கரை என்றால் இந்தியா. அப்போது எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். தெரியாத முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. "எழுதித் தரேன் தாயி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

எங்கள் வேலை மறியல் வீட்டில். வழக்கு முடிகிற வரைக்கும், இல்லை என்றால் கரைக்கு அனுப்புகிற வரைக்கும், ஆட்களைப் பூட்டி வைக்கிற இடம். பதுளைப் பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். எந்த ரோடு, எந்த வாசல் என்று எழுத எனக்குப் பயமாயிருக்கிறது. என் வீட்டுக்காரர் அங்கே சமையல் கட்டில் இருந்தார். அவர் சொல்லித்தான் பெண்கள் பக்கம் காவல் ஆயாவாக என்னை எடுத்தார்கள். அவர் பேரை இந்தத் தாளிலும் எழுதவில்லை. முதல் இரண்டு மூன்று வருஷம் கூட்டினேன், தண்ணீர் தூக்கினேன், பேன் பார்த்தேன். சாவியை எனக்குத் தரமாட்டார்கள். கதவுக்கு முதுகைக் காட்டி நிற்கப் பழகியதுதான் நான் படித்த படிப்பு.

எனக்கு மேலே இருந்தவர் வெள்ளைக்காரக் கலப்பில் வந்த ஒரு பறங்கி அம்மா. நாங்கள் நோனா என்போம். குட்டையான ஆள். மூக்குக் கண்ணாடி, காலில் கறுப்புச் சப்பாத்து. நேரம் கிடைத்தால் மரக்கட்டையில் நூலைச் சுற்றித் துணி ஓரத்துக்கு ரேந்தை பின்னிக்கொண்டிருப்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சாதாரணமாகத் தமிழில் பேசுவார். கோபம் வந்தால் சிங்களம். ரொம்பக் கோபம் வந்தால் இங்கிலீஷ். என்ன செய்வதென்று தெரியவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் யாரும் மூச்சு விடமாட்டோம்.

உள்ளே வருகிற பெண்ணை முதலில் உட்காரச் சொல்வார். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கணும். குடித்து முடிக்கிற வரைக்கும் எதுவும் கேட்கக் கூடாது. "இரைக்க இரைக்கச் சொல்ற பேரு சரியா இருக்காது, செல்லம்மா" என்று என்னிடம் சொல்வார். பிறகு அவள் பேர், ஊர், அப்பன் பேர், புருஷன் பேர். புருஷன் பேர் வருகிற இடத்தில் நோனா என்னைப் பார்ப்பார். எங்கள் பெண்கள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். முருகன் என்றால் மயில் மாதிரிக் கழுத்தை ஆட்டிக் காட்டுவார்கள். பழனி என்றால் தலையை மொட்டை மாதிரித் தடவிக் காட்டுவார்கள். நான் யூகித்துச் சொல்லணும், அவள் தலையாட்டணும், நோனா எழுதிக்கொள்வார். ஒருத்தி இடுப்பில் கையை வைத்து ஒற்றைக் காலில் நின்றாள். கிருஷ்ணன் என்றேன். இல்லை. கண்ணன் என்றேன். இல்லை. கடைசியில் கோபாலு. அன்றைக்கு நோனா ரேந்தைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

அடுத்தது நகை. பித்தளை, இரும்பு எல்லாம் கழற்றணும். கண்ணாடி வளையல் இருக்கலாம். தாலியை மட்டும் தொடக் கூடாது. அதன் மேல் ஒரு துணித் துண்டைச் சுற்றிக் கட்டி ரவிக்கைக்குள் போட்டுவிடணும். அது நோனா வைத்த சட்டம், மேலே இருந்து வந்ததா என்று எனக்குத் தெரியாது.

வழக்கு நாளில் கோட்டுக்குக் கூட்டிப் போகும்போது பெண்களுக்கு விலங்கு கிடையாது. என் முந்தானையையும் அவள் முந்தானையையும் சேர்த்து முடிச்சுப் போடணும். இரட்டை முடிச்சு. அப்படியே டவுன் வழியே நடக்கணும். தேத்தண்ணிக் கடையில் நிற்கிறவர்கள் விடுவார்களா? "பொண்ணு ரெண்டும் வருது, மாப்பிள்ளை எங்கடா?" என்பார்கள். நான் தரையைத் தவிர எதையும் பார்க்க மாட்டேன்.

இப்படித்தான் பேச்சியையும் கூட்டிப் போனேன்.

பேச்சி வந்தபோது ரயில் பண்டாரவளையோடு நின்றுகொண்டிருந்தது. பதுளைக்கு இன்னும் வரவில்லை. இருபது இருபத்திரண்டு வயது இருக்கும். மதுரைப் பக்கத்துப் பெண். புருஷன் முன்னாலேயே வந்து பசறைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தான். ஊரில் பிள்ளை பிறந்து, அவளுடைய அப்பா ஆத்தா இரண்டு பேரும் பேதியில் போன பிறகு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவளும் கப்பல் ஏறினாள். ஆனால் ஆள் சேர்க்கிற வேறு ஒரு கங்காணியோடு. "உன் புருஷன் தோட்டம் நம்ம தோட்டத்துக்குப் பக்கத்துலதான்" என்று சொல்லி அவன் கூட்டிக்கொண்டு வந்தானாம். வந்து இறங்கிய இடம் பூனாகலைப் பக்கம். எத்தனை மலை தாண்டணும், பாருங்கள். கொஞ்ச நாள் அங்கே தேயிலைக் கொழுந்து பறித்தாள். பிறகு ஒருநாள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு நடந்து, புருஷனிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தோட்டத்தை விட்டுப் போகிற ஆளுக்குத் துண்டு என்று ஒரு சீட்டுக் கொடுக்கணும். அது இல்லாமல் போனால் ஓடிப்போன ஆள். பேச்சியிடம் துண்டு இல்லை. பசறைச் சந்தையில் கங்காணியின் ஆள் ஒருத்தன் அவளைப் பார்த்து, போலீசைக் கூப்பிட்டுவிட்டான். பிள்ளை அன்றைக்கு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்த காம்பராக்காரி அங்கம்மாவிடம் இருந்தது. அதனால் பிள்ளை இல்லாமல் வந்தாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். டம்ளரைத் தூக்க முடியவில்லை. பால் கட்டி நெஞ்சு கல்லாயிருந்தது. மூலையில் துணி மறைவு கட்டி, நான் பிடித்துக்கொள்ள, சுவரோரமாகப் பீய்ச்சிவிட்டாள். நோனா அந்தப் பக்கமாகத் திரும்பிப் பின்னிக்கொண்டிருந்தார்.

புருஷன் பேர் கேட்டோம். சொல்லவில்லை, அது வழக்கம்தான். ஆனால் ஜாடையும் காட்டவில்லை. நான் பத்துப் பேர் சொல்லிப் பார்த்தேன். எதுக்கும் தலையாட்டவில்லை. ஓடிவந்த ஆளை வைத்திருந்தவனையும் பிடிப்பார்கள் என்று வழியில் யாரோ சொல்லிவிட்டார்களாம். நோனா கண்ணாடியைத் துடைத்தார். அந்த இடத்தில் ஒன்றும் எழுதவில்லை.

பூனாகலைக் கங்காணி, "ஓடுற ஆளு எனக்கு வேணாம்" என்றுவிட்டான். புருஷன் தோட்டத்துப் பெரிய துரை சீமைக்குப் போயிருந்தார். சின்ன துரை புதுசு, அவருக்கு ஆள் முகமே தெரியாது. ஆக, பேச்சி எந்தத் தோட்டத்துக்கும் சேராத ஆளாகிவிட்டாள். அப்படிப்பட்ட ஆளைக் கரைக்குத் திருப்பிவிடுவார்கள் என்று எனக்குச் சொன்னார்கள். சட்டம் எனக்குத் தெரியாது. கரையில் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற சட்டமும் எங்கேயாவது இருந்ததோ என்னவோ.

கோட்டில் நீதவான் துரை கெட்டவராகத் தெரியவில்லை. பக்கத்தில் பாஷை சொல்கிற முதலியார் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். துரை சொன்னதை முதலியார் இப்படிச் சொன்னார்: "பிள்ளை, நீ அந்தத் தோட்டத்து ஆளின்ர பெண்சாதி எண்டால் உன்னை விட்டிடலாம். புருசன்ர பேரைச் சொல்லு." பேச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் முந்தானையை அவள் இறுக்கியதில் எனக்கும் தோள் இழுத்தது. "அப்ப தெரிஞ்ச ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து சொல்லச் சொல்லு" என்று தவணை கொடுத்தார்கள்.

அடுத்த தவணைக்கு ஆட்கள் வந்தார்கள். லயத்தில் பேசி முடிவு செய்ததாம். புருஷன் வரக் கூடாது, வந்தால் அவனையும் உள்ளே போட்டுவிடுவார்கள். அவனுக்குப் பதிலாக மூன்று சாட்சி. அங்கம்மாவின் வீட்டுக்காரர் அங்கமுத்து, அவர் பேச்சி புருஷனுக்கு அதே ஊர்க்காரர். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பசறையில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருத்தர். தோட்டத்து ஆட்களுக்குத் துணி, கருவாடு எல்லாம் அவர் கடையில்தான்.

முதலில் அங்கமுத்து ஏறினார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "இவ புருஷன் கருப்பையாங்க. எங்க ஊருக்காரன்தானுங்க. நான் கல்யாணத்துல சாப்பிட்டிருக்கேனுங்க" என்றார். எனக்கு நிம்மதியாயிருந்தது.

அடுத்து கணக்கப்பிள்ளை. "இந்தப் பெண் எங்கள் தோட்டத்து வேலுவின் மனைவி" என்று சுத்தமாகச் சொன்னார்.

முதலியார் திரும்பி அங்கமுத்துவைப் பார்த்தார். அதற்குள் நானா ஏறிவிட்டார். "எங்கட கடையில மீசைன்டுதான் பேரு. மீசைட பொஞ்சாதின்டா பசறையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றார்.

கோட்டே சிரித்தது. "மூண்டு சாட்சி, மூண்டு புருசன்" என்றார் முதலியார். துரைக்கு அதை இங்கிலீஷில் சொன்னதும் அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுபோய்விட்டது. காசுக்கு வந்த சாட்சிகள் என்று நினைத்துவிட்டார்கள். அடுத்த முறை கரைக்கு ஆள் போகும்போது பண்டாரவளைக்கு ஏற்றிவிடச் சொல்லிக் கட்டளை.

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தலையைச் சுற்றுகிற விஷயம். பெரட்டில், அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற இடத்தில், ஒரே பேரில் நாலைந்து ஆள் இருந்தால் குழப்பம் என்று கணக்கப்பிள்ளைமார் வேறு பேர் வைத்துவிடுவார்கள். வீட்டில் ஒரு பேர், பெரட்டில் ஒரு பேர், கடையில் ஒரு பேர். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். யாருக்கும் அது விநோதமாகப் படாது. அதனால்தான் எந்தப் பேரைச் சொல்வதென்று பேசிக்கொள்ள வேண்டும் என்றே ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வெளியே வாகை மரத்தடியில் அங்கம்மா தன் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பில் பேச்சியின் பிள்ளை.

"ஊர்ல வெச்ச பேரை இங்க ஆருய்யா கேட்டா? பெரட்டுப் பேரைச் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமே!"

"பெரட்டுப் பேரு ஒரு பேரா? நாளைக்குக் கணக்கப்பிள்ளை ஒன்னைய மாரியாயின்னு கூப்பிட்டா நீ மாரியாயி ஆயிடுவியா?"

"ஆவேன். புள்ளை தாய்கிட்டப் போறதுன்னா மாரியாயி ஆவேன், காளியாயி ஆவேன்."

நானா நடுவில் புகுந்து, "என்னைத் திட்டு தங்கச்சி, மீசைன்டு சொன்னது நான்தானே" என்றார். அங்கம்மா அவரையும் விடவில்லை. பேச்சி பிள்ளையைப் பார்த்துவிட்டாள். அவள் ஒரு எட்டு எடுத்து வைத்ததில் முடிச்சு இழுத்து நானும் ஒரு எட்டு போய்விட்டேன். போலீஸ்காரர் அதட்டினார். திரும்பிவிட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கம்மாவும் நாலைந்து பெண்களும் வந்து எங்கள் வாசலுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். நானா தன் மாட்டு வண்டியைக் கொடுத்திருந்தார். சத்தம் போடவில்லை. வெற்றிலை போட்டார்கள். ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்தார்கள். போலீஸ்காரர் வந்து "இந்தப் பக்கம் உக்காராதே" என்றால் அந்தப் பக்கம் போவார்கள். அவர் போனதும் திரும்ப வருவார்கள். அடுத்த ஞாயிறு இன்னும் நிறையப் பேர். பூனாகலையிலிருந்தும் வந்தார்கள், பேச்சியோடு ஒரே கப்பலில் வந்த பெண்கள். மழை பெய்தது. கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கம்மா பிள்ளையைக் கேட்டுக்கு மேலே தூக்கிக் காட்டினாள். நோனாவிடம் போய்ச் சொன்னேன். "பிள்ளை கைதியா? இல்லை. பார்க்க வந்த ஆளா? அதுக்குப் பேசத் தெரியாது. அப்ப சட்டத்துல அது இல்லை. கொண்டு வா" என்றார். பிள்ளை பால் குடித்தது. நான் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

நானா ஒரு பெட்டிஷனும் எழுதிவித்து அனுப்பினார். அது எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

பிறகு ஆள் ஏற்றிப் போகிற வண்டி வரும் நாள் தெரிந்துபோயிற்று. அதற்கு முதல் நாள், வேலை நாள். காலையில் கதவைத் திறந்தால் ரோடு நிறையப் பெண்கள். பெரட்டுக்குப் போகாமல் வந்துவிட்டார்கள். லீவு கேட்காமல் வேலைக்குப் போகாவிட்டால் அவர்களையும் மறியலில் போடலாம். அது அவர்களுக்கும் தெரியும். நோனா சன்னலில் பார்த்துவிட்டு, "எல்லாரையும் உள்ள போட்டா எங்கிட்டப் பாய் காணாது" என்றார். அவர் சொன்னது தமாஷா கவலையா, எனக்குப் புரியவில்லை.

இதைக் கேள்விப்பட்டுத்தான் நீதவான் துரை தானே வருகிறார் என்று செய்தி வந்தது. புருஷனைத் தனியாகக் கேட்பாராம், பெண்சாதியைத் தனியாகக் கேட்பாராம். இரண்டு பேரும் ஒரே பேரைச் சொன்னால் பார்க்கலாம் என்றாராம்.

அங்கம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அவன் வந்திருக்கான். உள்ள போட்டாலும் போடட்டும்னு வந்துட்டான். பெரட்டுப் பேரைத்தான் சொல்லுவான். இவளையும் வேலுன்னு சொல்லச் சொல்லு. வேற ஒண்ணும் வாயத் தொறக்க வேணாம்னு சொல்லு."

சேதி கொண்டு போகக் கூடாது என்று எங்களுக்குச் சட்டம். நோனா பக்கத்தில்தான் இருந்தார். நூல் அறுந்துவிட்ட மாதிரிக் கட்டையைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டார். நான் உள்ளே போய்ப் பேச்சியிடம் சொன்னேன். பேச்சி தன் கையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மாதிரியாகச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அதையா? சரிக்கா. சொல்லிடுறேன்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பெரட்டுப் பேர்தானே, உண்மைப் பேர் இல்லையே, சொன்னாலும் அவனுக்கு ஒன்றும் ஆகாது, அதனால்தான் ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

துரை வந்தார், முதலியார் வந்தார். முன் அறையில் புருஷனைக் கேட்டார்கள். "வேலுங்க" என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. பெரிய மீசைதான், ஆனால் சின்னக் குரல். பிறகு உள் முற்றத்துக்கு வந்தார்கள். பேச்சியை நிறுத்தினேன்.

"உன்ர புருசன்ர பேர் என்ன?"

"வேலு" என்றாள் பேச்சி.

அவ்வளவுதான். ஒரு இழுப்பு இல்லை, ஒரு முழுங்கல் இல்லை. நான் வெளியே சத்தம் போட்டுச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பார்த்தால் முதலியார் முகம் மாறிவிட்டது.

"பாத்தியளோ" என்று எங்கள் பக்கம் திரும்பினார். "கடையிலை உப்புக் கேக்கிற மாதிரிச் சொல்லுறாள். எங்கட பெண்டுகள் ஆரும் புருசன்ர பேரை இப்பிடிச் சொல்லி நான் கேட்டதில்லை. என்ர வீட்டிலை இருபது வருசமாக் கூப்பிடுறது 'இஞ்சாருங்கோ' எண்டுதான். இவள் பெண்சாதியில்லை. நல்லாப் பழக்கி விட்டிருக்கிறாங்கள்."

அதையே துரைக்கும் சொன்னார். துரை ஆமாம் என்று தலையாட்டினார். சொல்லாமல் இருந்தபோது பெண்சாதி இல்லை என்றார்கள். சொன்ன பிறகும் பெண்சாதி இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் அவள் என்னதான் செய்யணும்? யாரையாவது கேட்கணும் என்று எனக்கு வாய் வந்தது. வந்து அப்படியே நின்றுவிட்டது.

முதலியார் விடவில்லை. "அப்ப கருப்பையா ஆரடி?" என்று கேட்டார்.

பேச்சி முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். "சொல்லு, கருப்பையா ஆர்?" மறுபடியும் கேட்டார். அவள் சுவரோடு சுவராகக் குந்திவிட்டாள். தோள் குலுங்கியது. காது மடல் சிவந்துவிட்டது. அவர் அந்தப் பேரைச் சொல்லச் சொல்ல, யாரோ கல்லால் எறிகிற மாதிரி உடம்பைச் சுருக்கிக்கொண்டாள்.

முதலியார் அதற்கு மேல் கேட்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தூணைப் பார்த்தார். துரை நோனாவிடம் இங்கிலீஷில் என்னமோ கேட்டார். நோனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை, இல்லை, இரண்டு வார்த்தை சொன்னார். துரை தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார். விட்டார்களா, அனுப்புகிறார்களா, யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே கேட்டவர்களுக்குக் கையை விரித்துக் காட்டினேன். சாயங்காலம் போலீஸ் வந்து எல்லாரையும் அனுப்பிவிட்டது. அங்கம்மா போகும்போது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் வண்டி வந்தது. பேச்சி எழுந்து, தலையை வாரி, முந்தானையை என்னிடம் நீட்டிக்கொண்டு நின்றாள், முடிச்சுப் போடச் சொல்லி. வண்டிக்காரன் இரண்டு பேரைக் கூப்பிட்டான். ஒரு கிழவர், ஒரு நொண்டி ஆள். பேச்சியைக் கூப்பிடவில்லை. வண்டி போய்விட்டது. நாங்கள் முந்தானையைப் பிடித்தபடி அப்படியே நின்றோம். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் உள்ளேதான் இருந்தாள். ஏன் என்று கேட்டால் தெரியாது என்றார்கள். ஒருநாள் மத்தியானம் பியோன் வந்து, இவளைப் புருஷனிடம் போகச் சொல்லிக் கட்டளை என்றான். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ரோட்டில் ஒருத்தரும் இல்லை. ஒரு மாடு மட்டும் படுத்துக் கிடந்தது. பசறை ரோடு திரும்புகிற இடம் வரைக்கும் நான் கூட நடந்தேன். முடிச்சு இல்லாமல் அவளோடு நடக்க எனக்கு நடையே தடுமாறியது.

எது அவளைக் காப்பாற்றியது? நானாவைக் கேட்டால், "எங்கட பெட்டிஷன்தான், வேறென்ன" என்பார். அங்கம்மா, "நாங்க மழையில உக்காந்தது" என்பாள். முதலியார் ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, தான் கேட்ட கேள்வியால்தான் உண்மை வெளியே வந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நோனாவிடம் நானே தைரியமாகக் கேட்டேன், அன்றைக்குத் துரையிடம் என்ன சொன்னீர்கள் என்று. "வெட்கப்படுறா என்று சொன்னேன்" என்றார். அவர் வேலையை விட்டுப் போகிற சமயத்தில் திரும்பக் கேட்டேன். "பால் கட்டியிருக்கு என்று சொன்னேன்" என்றார். வேலைக்குப் போகாத பெண்களுக்கு என்ன ஆனது என்று கேட்டால் ஒரு தோட்டத்தில் ஒரு மாதிரி, இன்னொரு தோட்டத்தில் இன்னொரு மாதிரி. சிலர் ரொம்பப் பட்டார்கள் என்று மட்டும் தெரியும்.

ரயில் பதுளைக்கு வந்த பிறகு, ஒரு சந்தை நாளில் பேச்சியைப் பார்த்தேன். பிள்ளை தாவணி போட்டிருந்தது. புருஷன் முன்னால் போய்க்கொண்டிருந்தான், மீசை நரைத்து. இவள் பின்னாலிருந்து, அத்தனை கூட்டத்தில், "ஏ வேலு! கூடைய ஆரு தூக்குவா?" என்று கத்தினாள். சந்தையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே வந்து கூடையைத் தூக்கினான். கோட்டில் கொடுத்த பேரை விளையாட்டுக்கு வைத்துக்கொண்டாள் என்று நினைத்து நானும் சிரித்தேன். கிட்டே போய்ப் பேசக் கூச்சமாயிருந்தது, போகவில்லை.

இது வரைக்கும் எழுதிக் கனகத்துக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்று சொன்னாள். பேச்சியின் பிள்ளை வழிக் குடும்பம் ஒன்று பசறையில் அவளுக்குத் தெரியுமாம். பேச்சியின் புருஷன், அந்தப் பெரியவர், செத்துப்போன திதிக்குக் கோயிலில் வேலு என்றுதான் பேர் கொடுக்கிறார்களாம். சாமிக்கு முன்னால் யாராவது பெரட்டுப் பேரைக் கொடுப்பார்களா?

அதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கோட்டில் அங்கமுத்து சொன்னது எது, கணக்கப்பிள்ளை சொன்னது எது? மாற்றி எழுதிவிட்டேனோ? அங்கம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்ன பேர் வேலு, அது நிச்சயம். பேச்சி சொன்னதும் வேலு. ஆனால் பெரட்டுப் பேர் என்று அங்கம்மா சொன்னாளா, நான் பிறகு நினைத்துக்கொண்டேனா? கருப்பையா என்றதும் அவள் சுவர்ப் பக்கம் திரும்பியது வெட்கத்திலா, எல்லாம் கெட்டுப்போயிற்று என்ற பயத்திலா?

பசறைப் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது அந்தக் குடும்பத்தில் விசாரித்து, ஊரில் அவருக்கு வைத்த பேர் எது என்று கனகத்திடம் சொல்லி அனுப்புங்கள். நான் எழுதியது சரியென்றால் அப்படியே இருக்கட்டும். மாறியிருந்தால், அவள் வாய்விட்டுச் சொன்னது உண்மைப் பேர்; அன்றைக்கு முற்றத்தில் பக்கத்தில் நின்றும், பேச்சி பிள்ளைக்காக எதைக் கொடுத்தாள் என்று நான் பார்க்கவே இல்லை. அந்த இடத்தை மட்டும் வேறு யாராவது சரியாக எழுதணும்.